எந்த பேட்ச் திறமான பேட்ச்? பிட்ஸ்பேர்க்கில் ஐம்பது வருசமாகத் தீராத வழக்கு



பரீட்சைப் பெறுபேறு வரும் ஒவ்வொரு முறையும் நம் ஊரில் ஒரு பேச்சு கிளம்பும். "எங்கட பேட்ச்சைப் போல ஒரு பேட்ச் அதுக்குப் பிறகு வரவே இல்லை" என்று நானாமார் தொடங்குவார்கள். தம்பிமார் விடமாட்டார்கள். எத்தனை டொக்டர், எத்தனை இன்ஜினியர் என்று கணக்கு ஓடும். ஆசிரியர் அறையில் நாங்களும் இதே வழக்கைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதே வழக்கு தூரத்தில் இன்னொரு ஊரிலும் நடக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரத்தில், ஒரு ஃபுட்போல் அணியைப் பற்றி. அதன் வரலாற்றை வாசித்தபோது நம் வழக்குக்கும் உதவும் என்று தோன்றியது. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒரு விளக்கம். அமெரிக்கர்கள் ஃபுட்போல் என்று சொல்வது நாம் ஆடும் உதைபந்தாட்டம் இல்லை. நமக்குத் தெரிந்த விளையாட்டுகளில் ரக்பிதான் அதற்குக் கிட்ட. முட்டை வடிவப் பந்து, தலையில் கவசம், ஆளோடு ஆள் மோதல். அங்கே ஒரு அணி புதிய வீரர்களை எடுக்கும் முறைக்கு "டிராஃப்ட்" என்று பெயர். ஊர் வெட்டையில் இரண்டு கேப்டன்மார் நின்று மாறி மாறி ஆள் எடுப்போமே, அதுதான் முறை. பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்தவர்களின் பெயர்கள் முன்னால் இருக்கும். போன வருடம் ஆகக் கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும், வென்ற அணி கடைசியாக எடுக்கும். ஒரு சுற்று முடிய அடுத்த சுற்று. 1974 இல் 26 அணிகள், 17 சுற்றுகள், மொத்தம் 442 பேர் எடுக்கப்பட்டார்கள். ஒரு வருடத்தில் ஓர் அணி எடுத்த எல்லோரும் சேர்ந்து அந்த அணியின் அந்த வருட பேட்ச்.

பிட்ஸ்பேர்க் உருக்கு ஆலைகளின் நகரம். அணியின் பெயரே ஸ்டீலர்ஸ். ஆர்ட் ரூனி என்பவர் 1933 இல் தொடங்கினார். தொடங்கி ஏறத்தாழ நாற்பது வருடம் அந்த அணிக்கு ஒன்றும் வாய்க்கவில்லை. 1971 வரை இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தது ஒரே ஒரு தடவை, 1947 இல். அந்த ஆட்டத்திலும் 21க்கு 0 என்று தோற்றார்கள்.

1969 இல் சக் நோல் என்ற 37 வயதுக்காரர் பயிற்றுவிப்பாளராக வந்தார். வந்த முதல் வருடம் 14 ஆட்டங்களில் ஒன்றில்தான் வெற்றி. ஆனால் அவரிடம் ஒரு தீர்மானம் இருந்தது. பெயர் பெற்ற ஆட்களை வெளியிலிருந்து வாங்குவதில்லை. இளையவர்களைத் தேடி எடுப்பது, இருத்திப் படிப்பிப்பது.

1969 இல் முதல் சுற்றில் ஜோ கிரீனை எடுத்தார். பெரிதாக யாருக்கும் தெரியாத பையன். "ஜோவா, அது யார்?" என்று ஊர்ப் பத்திரிகையே கேட்டது. பத்தாம் சுற்றில் எல்.சி. கிரீன்வுட். 1970 இல் ஸ்டீலர்ஸும் சிக்காகோ அணியும் சமமாகக் கடைசி. நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஸ்டீலர்ஸுக்கு முதல் இடம் விழுந்தது. டெரி பிரட்ஷோ வந்தார். அதே வருடம் மூன்றாம் சுற்றில் மெல் பிளவுண்ட். 1972 இல் ஃபிராங்கோ ஹரிஸ். அந்த வருட டிசம்பரில்தான் அணி தன் முதல் இறுதிச் சுற்று வெற்றியைக் கண்டது. இவர்களில் எவரைப் பற்றியும் தனிப் பதிவு எழுதலாம். ஆனால் வழக்கில் நிற்பது இரண்டு பேட்ச்: 1971 ஒன்று, 1974 மற்றது.

பெரும்பாலானோர் தீர்ப்பு 74க்குத்தான். காரணம் எளிது. ஒஹாயோ மாநிலத்தின் கன்டன் நகரத்தில் இந்த விளையாட்டின் புகழ் மண்டபம் இருக்கிறது. ஆட்ட வாழ்க்கை முடிந்த பிறகு ஆகச் சிறந்தவர்களைத் தேர்ந்து அங்கே சிலை வைப்பார்கள். ஒரு அணி ஒரு வருடத்தில் எடுத்தவர்களில் ஒருவர் அங்கே போனாலே அந்த ஊருக்குப் பெருநாள். 1974 இல் ஸ்டீலர்ஸ் எடுத்தவர்களில் நான்கு பேர் போனார்கள். ஒரே டிராஃப்டில் நான்கு பேர் என்பது வேறு எந்த அணிக்கும் கிடைக்காத பெருமை.

முதல் சுற்றில் 21 ஆவது ஆளாக லின் ஸ்வான். இரண்டாம் சுற்றில் 46 ஆவது ஆளாக ஜெக் லம்பர்ட். மூன்றாம் சுற்றில் ஸ்டீலர்ஸுக்கு இடமே இல்லை, அதை வேறொரு வீரருக்காகக் கொடுத்துவிட்டிருந்தார்கள். நான்காம் சுற்றில் 82 ஆவது ஆளாக ஜோன் ஸ்டோல்வர்த். ஐந்தாம் சுற்றில் 125 ஆவது ஆளாக மைக் வெப்ஸ்டர்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெப்ஸ்டருக்கு முன்னால் 124 பெயர்கள் வாசிக்கப்பட்டன. லம்பர்ட் அந்த இடத்துக்கு மெலிந்தவர் என்று பலர் சொன்னார்கள். அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பல்கலைக்கழக மைதானம் சேறாகக் கிடந்த ஒரு நாள், வாகனம் நிறுத்தும் கற்தரையில் பயிற்சி. விழுந்து எழும்பியவரின் தோலில் சிறு கற்கள் குத்தி நின்றன. அவர் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய் நின்றார். பார்க்க வந்திருந்த ஸ்டீலர்ஸ் ஆள் அதைக் குறித்துக்கொண்டார். எடை பார்க்கும் தராசில் அது தெரியாது.

இனி 71 பேட்ச்சின் பக்கம். அவர்களில் புகழ் மண்டபத்துக்குப் போனவர் ஒருவர், ஜெக் ஹாம். ஒன்றுக்கு நான்கு என்று பார்த்தால் வழக்கு அங்கேயே முடிந்தது. ஆனால் 71 இன் ஆட்கள் கேட்கும் கேள்விக்கு இலேசில் பதில் சொல்ல முடியாது: முதல் கிண்ணத்தை வென்றது யார்?

1975 ஜனவரி 12. ஸ்டீலர்ஸ் முதன்முறையாக இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் நிற்கிறார்கள். எதிரே மினசோட்டா. அந்த அணியில் 71 பேட்ச்சிலிருந்து ஏழு பேர் முக்கிய இடங்களில் ஆடினார்கள். முதல் சுற்றில் வந்த ஃபிராங்க் லூயிஸ், இரண்டாம் சுற்றின் ஜெக் ஹாம், நான்காம் சுற்றின் ஜெரி மலின்ஸும் டுவைட் வைட்டும், ஐந்தாம் சுற்றின் லெரி பிரவுன், எட்டாம் சுற்றின் ஏர்னி ஹோம்ஸ், பதினோராம் சுற்றின் மைக் வெக்னர். டுவைட் வைட் நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி வந்தவர். பாதி நேரத்தில் புள்ளி 2க்கு 0. அந்த இரண்டு புள்ளிகளை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கடைசிப் பகுதியில் வெற்றியை உறுதி செய்த புள்ளிகளை எடுத்தவர் லெரி பிரவுன். மினசோட்டா பந்தைக் கையில் எடுத்து ஓடிச் சேர்த்தது ஆட்டம் முழுவதிலும் 17 யார். முடிவு 16க்கு 6.

74 பேட்ச்சின் நான்கு பெரியவர்களில் அன்று நிரந்தர இடம் பிடித்திருந்தவர் லம்பர்ட் மட்டும். அவரும் காயப்பட்டு இடையில் வெளியேறினார். மற்ற மூவரும் மாற்று வீரர்களாக வந்து போனவர்கள். ஆக, வீட்டை அத்திவாரம் போட்டுக் கட்டி எழுப்பியது 69, 70, 71. கட்டி முடித்த வீட்டுக்குள் குடிவந்தது 74. இது 71 இன் வாதம். எங்களுக்கு இதில் நியாயம் தெரிகிறது.

74 இன் ஆட்கள் இதற்குச் சொல்லும் பதில் அடுத்த ஐந்து வருடங்கள். 1976 ஜனவரியில் டலஸ் அணியை 21க்கு 17 என்று வென்றபோது ஆட்டநாயகன் லின் ஸ்வான். நான்கு பந்துகளைப் பிடித்து 161 யார். 1979 ஜனவரியில் மறுபடி டலஸ், 35க்கு 31. ஸ்டோல்வர்த் இரண்டு தடவை, ஸ்வான் ஒரு தடவை கோட்டைக் கடந்தார்கள். 1980 ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் அணியோடு கடைசிப் பகுதி தொடங்கும்போது ஸ்டீலர்ஸ் பின்னால் நிற்கிறார்கள். ஸ்டோல்வர்த் 73 யார் ஓடி அணியை முன்னால் கொண்டுவந்தார். எதிரணி திரும்பி வந்தபோது பந்தைப் பறித்தவர் லம்பர்ட். முடிவு 31க்கு 19. நடுவில் நின்று பந்தை எடுத்துக் கொடுத்து, மோதலைத் தாங்கியவர் வெப்ஸ்டர். ஆறு பருவத்தில் நான்கு கிண்ணம். அந்த நான்காவது கிண்ணத்தை வென்ற அணியில், வேறொரு அணிக்கு ஆடிவிட்டு வந்தவர் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் அங்கேயே வளர்ந்த பிள்ளைகள்.

74 பேட்ச்சுக்கு வாய்ப்பும் உதவியது. அந்த வருடம் ஜூலையில் பழைய வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பயிற்சி முகாமுக்குப் புதியவர்கள்தான் வந்தார்கள். பயிற்றுவிப்பாளரின் முழு நேரமும் கவனமும் அவர்களுக்குக் கிடைத்தது. பிறகு பழையவர்கள் திரும்பி வந்தபோது, அருகில் நின்று பழக ஜோ கிரீனும் ஜெக் ஹாமும் இருந்தார்கள். இதையே தோல்வி அணி ஒன்று எடுத்திருந்தால் இந்த நான்கு பேரும் இப்படி வந்திருப்பார்களா? அதனால்தான் ஒரு பேட்ச்சை மட்டும் தனியாகப் பிடுங்கி எடைபோட முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம். 71 இன் தோளில் ஏறித்தான் 74 உயர்ந்தது.

இதுவரை சொன்னது களத்தில் நின்றவர்களின் கணக்கு. களத்துக்கு வெளியே நின்ற ஒருவரைச் சொல்லாமல் இந்த வரலாறு நிறையாது.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. அவர்கள் தங்களுக்கென்று அமைந்த சிறு கல்லூரிகளில் படித்தார்கள், அங்கேயே ஆடினார்கள். தேசிய லீக்கிலும் 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. பிறகு கதவு திறந்தாலும் அந்தச் சிறு கல்லூரிகள் பக்கம் போய்ப் பார்க்கப் பல அணிகளுக்கு மனமில்லை.

பிட்ஸ்பேர்க்கில் கறுப்பின மக்களின் பத்திரிகை ஒன்று இருந்தது, பிட்ஸ்பேர்க் கூரியர். அதன் விளையாட்டு ஆசிரியர் பில் நன். வருடா வருடம் ஊர் ஊராகப் போய், கறுப்பினக் கல்லூரிகளின் ஆகச் சிறந்த வீரர்களைத் தேர்ந்து பத்திரிகையில் பட்டியல் போடுவார். ஆனால் அதே நகரத்தின் அணி ஒரு நாளும் அவரிடம் வந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தக் குறையை அவர் மறைக்கவில்லை. உரிமையாளரின் மகன் டான் ரூனி அதைக் கேள்விப்பட்டு அவரை அழைத்துப் பேசினார். குறை சொன்னவர் மீது கோபப்படாமல், நீங்களே வந்து செய்யுங்கள் என்றார். 1967 இல் பகுதிநேரமாகச் சேர்ந்த நன், பிறகு முழுநேரமாக அந்த அணிக்கே ஆள் தேடினார்.

இப்போது மேலே சொன்ன பெயர்களைத் திரும்பப் பாருங்கள். கிரீன்வுட், பிளவுண்ட், ஃபிராங்க் லூயிஸ், ஏர்னி ஹோம்ஸ், ஸ்டோல்வர்த். எல்லோரும் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள்.

ஸ்டோல்வர்த் கதை பிரபலமானது. அலபாமா ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் பல அணிகளின் ஆட்கள் சேர்ந்து போயிருந்தார்கள். தரை ஈரம். பையன் ஓடிய வேகம் குறைவாக விழுந்தது. எல்லோரும் எழுதிக்கொண்டு புறப்பட்டார்கள். நன் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லி அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த நாள் காய்ந்த தரையில் மறுபடி ஓடவிட்டார். அவர் கணித்தபடியே வேகம் வந்தது. நோலுக்கு அந்தப் பையனை முதல் சுற்றிலேயே எடுக்க ஆசை. மற்றவர்களுக்கு இவரைத் தெரியாது, பொறுங்கள் என்று ஆள் தேடுபவர்கள் தடுத்தார்கள். மூன்றாம் சுற்றில் இடமில்லாமல் நெஞ்சு படபடக்கக் காத்திருந்து, நான்காம் சுற்றில் எடுத்தார்கள்.

அந்த 442 பேரில் பெயரே வராத ஒருவரும் இருந்தார். தென் கரோலைனா ஸ்டேட் கல்லூரியின் டொனி ஷெல். 17 சுற்றுகளிலும் 26 அணிகளில் ஒன்றுகூட அவரைக் கூப்பிடவில்லை. டிராஃப்ட் முடிந்த பிறகு நன் மூலமாக ஸ்டீலர்ஸுக்கு வந்தார். முதல் வருடங்களில் மாற்று வீரர். பிறகு அசைக்க முடியாத தூண். ஆட்ட வாழ்க்கையில் எதிரணியின் பந்தைப் பறித்தது 51 தடவை. நான்கு கிண்ணம். 2020 இல் அவரும் புகழ் மண்டபத்துக்குத் தெரிவானார். அடுத்த வருடம் பில் நன்னும் தெரிவானார். ஆனால் நன் 2014 இலேயே காலமாகிவிட்டார். ஷெல்லை 74 பேட்ச்சோடு சேர்த்து எண்ணுவதா, வேண்டாமா என்று இன்றும் தர்க்கம். டிராஃப்ட் பட்டியலில் பெயர் இல்லை என்பது சரிதான். ஆனால் அதே முகாமில் அதே நாளில் நுழைந்தவரை எந்த பேட்ச்சில் சேர்ப்பது?

கடைசியாக மைக் வெப்ஸ்டர். இதை எழுதும்போது எங்களுக்கு மனம் கனத்தது.

விஸ்கொன்சின் மாநிலத்துக்காரர். உடம்பில் பெரியவர் என்று சொல்ல முடியாது. உழைப்பால் வந்தவர். கடும் குளிரிலும் அரைக்கைச் சட்டையோடு நிற்பார். ஸ்டீலர்ஸுக்கு 15 பருவம், 220 ஆட்டம். "இரும்பு மைக்" என்று பட்டம். அவருடைய இடத்தின் வேலையே ஒவ்வொரு தடவையும் எதிரில் நிற்பவனோடு தலை முட்டுவதுதான். 1997 இல் புகழ் மண்டபத்துக்குப் போனார். அப்போதே அவரால் கோர்வையாகப் பேச முடியவில்லை. நினைவு தடுமாறியது, உடம்பெல்லாம் வலி, கையில் காசில்லை, குடும்பம் கலைந்தது. நான்கு கிண்ணம் வென்ற மனிதர் சில இரவுகள் தன் வாகனத்துக்குள்ளேயும் ரயில் நிலையத்திலும் தூங்கினார். 2002 செப்டம்பரில் பிட்ஸ்பேர்க்கிலேயே மரணித்தார். வயது 50.

உடலைப் பரிசோதித்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த இளம் மருத்துவர் பெனட் ஒமாலு. அவருக்கு ஃபுட்போலைப் பற்றி அதிகம் தெரியாது. மூளை வெளிப்பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது. அவர் விடவில்லை. தன் சொந்தச் செலவில் மூளையின் திசுக்களை நுணுக்கிப் பார்த்தார். திரும்பத் திரும்பத் தலையில் விழுந்த அடி மூளையைச் சிதைத்திருந்தது தெரிந்தது. 2005 இல் அதை மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார். லீக்கோடு சேர்ந்திருந்த மருத்துவர்கள் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி எழுதினார்கள். ஃபுட்போலுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று லீக்கின் உயர் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016 இல்தான்.

இதைத் தெரிந்த பிறகு அந்தப் பழைய ஆட்டங்களை நம்மால் அதே கண்ணோடு பார்க்க முடியாது. 1976 இல் ஆட்டநாயகனான ஸ்வான், அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்போது எல்லோரும் அதை வீரம் என்று எழுதினார்கள். இன்று எழுதுவார்களா?

சரி, எங்கள் தீர்ப்பு என்ன என்று கேட்பீர்கள். திறமையில் பெரிய பேட்ச் 74தான். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் நன்றி அதிகம் சேர வேண்டிய பேட்ச் 71. பதினோராம் சுற்று வரை தேடி எடுத்த ஏழு பேர் முதல் கிண்ணத்தைக் கொண்டுவந்திராவிட்டால், 74க்கு வந்து சேர ஒரு நல்ல வீடு இருந்திருக்காது. இரண்டு பேட்ச்சுக்கும் பொதுவான பெருமை பில் நன்னுக்கும் அவரை அழைத்த டான் ரூனிக்கும் உரியது.

நாங்களும் வருடா வருடம் பேட்ச் கணக்குப் பார்ப்பவர்கள். ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் பெரிய பேனரில் போட்டுச் சந்தியில் கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும், அது அந்தப் பிள்ளைகளின் உழைப்பு. ஆனால் ஈரத் தரையில் மெதுவாக ஓடிய பிள்ளைக்காக இன்னொரு நாள் தங்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பட்டியலில் பெயர் வராத பிள்ளையை அடுத்த நாள் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டோமா? இருபது வருடத்துக்கு முன்னால் நாம் தோளில் தூக்கிய பிள்ளை இன்று எங்கே, எப்படி இருக்கிறான் என்று கேட்டோமா?

இந்த மூன்றுக்கும் விடை எழுதப் போனால் எங்கள் கொப்பியில் வெற்றிடம்தான் அதிகம். அதைச் சொல்ல எங்களுக்கு வெட்கம் இல்லை. அடுத்த முறை பேட்ச் வழக்கு கிளம்பும்போது டொக்டர், இன்ஜினியர் எத்தனை என்று எண்ணி முடித்த பிறகு, அந்த பேட்ச்சில் யாருடைய பெயரை நாம் மறந்துவிட்டோம் என்றும் ஒரு தடவை கேட்போம். பழைய மாணவர் ஒன்றுகூடலுக்கு வராதவர்களின் பட்டியல் ஒன்று எல்லா பேட்ச்சிலும் இருக்கும். அதிலிருந்து ஒருவருக்கு இன்று இரவு ஒரு கோல் எடுத்துப் பாருங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பரக்கத் செய்வானாக. வஸ்ஸலாம்.